வெட்டாத கத்திகள் பதினொன்று

மூன்று மாதம் என்று சொல்லித்தான் பாண்டிசெல்வி ஓசூருக்குப் போனாள். மகள் மகாலட்சுமிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நெடுந்தூரப் பயணம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய் மகள் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. குழந்தை பிறந்தது. தலை நிற்கட்டும் என்றார்கள். தவழட்டும் என்றார்கள். அதற்குள் மகாலட்சுமிக்கு லீவு முடிந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிற வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது? இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நாள் தானாக ஓடியது. ராஜபாளையத்தில் ஐயாதுரை தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்கி எழுந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

அவருக்கு நூல் மில்லில் வேலை. நூலை இழுத்துக் கொடுக்கிற ரப்பர் உருளைகள் ஓடி ஓடித் தேய்ந்து பள்ளம் விழும். அவற்றை மிஷினில் மாட்டி மெல்லச் சீவிச் சமன் செய்யும் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக இருந்தார். சீவி முடித்த உருளையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். தலைமுடியில் பாதிகூட இல்லாத மேடு பள்ளம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அளவு பார்க்கும் கருவி பிறகுதான். மில்லில் அவரை யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. அந்த அறைச் சத்தத்தில் பேசவும் முடியாது.

கத்திப் பைத்தியம் பிடித்தது பாண்டிசெல்வி போன ஆறாவது மாதத்தில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஒரு கொல்லர் இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து, மறுபடி அடித்தார். கடைசியில் வந்தது வெறும் சாம்பல் நிறக் கத்தி. அதை ஒரு திராவகத்தில் முக்கி எடுத்ததும் உடம்பெல்லாம் கோடு கோடாக அலை எழுந்தது. கண்மாயில் கல் விழுந்த மாதிரி. ஐயாதுரை அதை ஏழு தடவை பார்த்தார். டமாஸ்கஸ் எஃகு என்று அதற்குப் பெயர் சொன்னார்கள்.

முதலில் உள்ளங்கை நீளத்தில் ஒன்று வரவழைத்தார். பார்சல்காரர் போனில் கூப்பிட்டு, "சார், வீட்ல இருக்கீங்களா?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் தெருவில் இறங்கி நின்றுகொண்டார். மூன்றரை வருஷத்தில் கத்தி பதினொன்று ஆனது.

அவற்றைக் கண்ணாடி போட்ட ஒரு மர அலமாரியில் அடுக்கி, அலமாரியை அடுக்களையில் வைத்தார். வீட்டிலேயே வெயில் படாத அறை அதுதான். சமையலே நடக்காததால் ஆவி கிடையாது, ஈரம் கிடையாது. இந்த எஃகுக்கு ஈரம் ஆகாது. ஒரு நாள் தண்ணீரோடு விட்டால் துரு ஏறிவிடும். காலையில் முக்குக் கடையில் இட்லி, மத்தியானம் மில் கேன்டீன், சாயங்காலம் தென்காசி ரோட்டில் ஒரு புரோட்டாக் கடை என்று அவர் சாப்பாடு ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் துணி உறை கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கத்தியாக எடுத்துத் தையல் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். பதினொன்றையும் துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அவசரப்படாமல் செய்தால் மூன்று மணி நேரம். அவர் அவசரப்படுவதில்லை.

போனில் ஒரு குரூப் இருந்தது. நூற்றுச் சொச்சம் பேர். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கிற கத்திப் பிரியர்கள். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. எல்லோரும் எல்லோருக்கும் 'ப்ரோ'. கத்தியில் விரல் ரேகைகூடப் படக் கூடாது, வெட்டவே கூடாது, வெட்டினால் மதிப்புப் போயிற்று என்பது அங்கே எழுதாத சட்டம். பதினோராவது கத்தி வந்தபோது ஐயாதுரை அதைப் படம் எடுத்துப் போட்டார். ஒரு சாண் நீளம். உடம்பு முழுக்க மழைத்துளி விழுந்தது போல வட்ட வட்டமாகக் கோலம். அன்றைக்கு மட்டும் அறுபது பேர் பாராட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இந்த வருஷத்திலேயே அழகான கத்தி இதுதான் என்று எழுதினார். ஐயாதுரை அந்தக் கத்தியையே போனில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். முன்பு அந்த இடத்தில் பேத்தியின் படம் இருந்தது.

குரூப்பில் ஒருநாள் சண்டை மூண்டது. தனுஷ்கோடி என்று ஒருவர், வெங்காயத் தோலுக்கு நடுவில் கிடக்கிற கத்தி ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதுவும் டமாஸ்கஸ்தான். ஆனால் கோடுகள் மங்கி, அங்கங்கே கறுத்து, ஈரத்தோடு கிடந்தது. கத்தியைக் கொன்றுவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதினார். கத்தி வெட்டத்தானே என்று அவர் பதில் போட்டார். அரை மணி நேரத்தில் அவரைக் குரூப்பை விட்டு நீக்கிவிட்டார்கள்.

ஐயாதுரையும் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்தான். ஆனால் அந்த ஆள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போட்டிருந்தது. அரை மணி நேர பஸ் பயணம். இந்தக் கத்தியைப் பற்றித் தெரிந்த ஒரு மனுஷன் இத்தனை பக்கத்தில் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தான் ராஜபாளையம் என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் மெஸ் சும்மாதான் இருக்கும், வாருங்கள் என்று பதில் வந்தது.

கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த மெஸ். வாய்தாவுக்கு வருகிறவர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் சாப்பிடுகிற இடம். தனுஷ்கோடிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். துபாயில் ஒரு ஓட்டல் அடுக்களையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது அங்கே இருந்த பெரிய சமையல்காரர் தன்னுடைய கத்தியையே அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தினமும் பத்துக் கிலோ வெங்காயம் அதில்தான். தீட்டித் தீட்டி அகலம் அரை விரல் குறைந்திருந்தது.

ஐயாதுரை அதை வாங்கிப் பார்த்தார். படத்தில் அசிங்கமாகத் தெரிந்தது நேரில் அப்படி இல்லை. பழைய கோடுகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல மங்கலாகத் தெரிந்தன. தனுஷ்கோடி ஒரு தக்காளியை எடுத்துப் பலகையில் வைத்து, அண்ணாச்சி நீங்களே வெட்டுங்கள் என்றார். ஐயாதுரை கத்தியை வைத்தார். அழுத்துவதற்கு முன்பே தக்காளி இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"ஒங்ககிட்ட பதினொண்ணு இருக்குன்னு சொன்னியளே அண்ணாச்சி. அதுல எது நல்லா வெட்டும்?"

ஐயாதுரை தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாது தம்பி. ஒண்ணையும் வெட்டிப் பாக்கல."

"பொறவு அதுகளை வச்சு என்னதான் செய்திய?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் ஐயாதுரையும் உள்ளதைச் சொன்னார். "கையில எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தா நேரம் போறது தெரியாது."

தனுஷ்கோடி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் ராஜபாளையம் வந்து கத்திகளைப் பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க ஐயாதுரைக்குக் கையும் காலும் ஓடவில்லை. பாண்டிசெல்வி போனபிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை. ஒட்டடை அடித்தார். ஒன்றுக்கு இரண்டாகக் காபி டம்ளர் இருக்கிறதா என்று தேடினார். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது, புதுசு வாங்கினார்.

தனுஷ்கோடி ஒரு தூக்குவாளியில் புளியோதரையோடு வந்தார். கத்திகளை அவர் பார்த்த விதம் ஐயாதுரைக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், நிதானமாகத் திருப்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்றோ, கனம் ஒரு பக்கம் சாயுது என்றோ சொல்லித் திரும்ப வைத்தார். பதினோராவதை எடுத்தார். கத்தியின் முதுகை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முதுகுப் பக்கம் கோடு ஓடலையே."

அடுக்கி அடித்த எஃகு என்றால் மரத்தில் ரேகை ஓடுவது போலக் கோடு உள்ளே வரைக்கும் ஓடும். முதுகில் பார்த்தாலும் தெரியும். இதில் இரண்டு பக்கமும் இருந்த கோலம் ஓரம் வந்ததும் நின்றுவிட்டது. சும்மா எஃகில் மிஷினை வைத்துக் கோலத்தைப் பொறித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்று தனுஷ்கோடி சொன்னார். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு பேரும் புளியோதரை சாப்பிட்டார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பிவிட்டார்.

ஐயாதுரைக்குக் கோபம் வந்தது. வெங்காயம் வெட்டுகிறவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். பொறாமை என்றும் நினைத்தார். தனுஷ்கோடி அனுப்பிய செய்திகளுக்கு மூன்று வாரம் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துக் கத்திகளைத் துடைத்தார். பதினோராவதைத் தொடாமல் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

உண்மை என்னவென்றால், கத்தி வந்த அன்றைக்கே அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. துணி உறையைக் கழற்றி ஒருமுறை தடவியபோது, கோலத்தின் பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருந்தது. கையால் அடித்த எதுவும் அப்படி இருக்காது. இருபத்தெட்டு வருஷம் அவரை ஏமாற்றாத விரல் அது. அன்றைக்கு அறுபது பேர் பாராட்டிக்கொண்டிருந்தபோது விரல் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

நாலாவது வாரம், டி.வி. ரிப்பேர் கடை ஒன்றில் சொல்லிவைத்து, சர்க்யூட் போர்டு செய்யப் பயன்படுத்துகிற பெரிக் குளோரைடு என்ற திராவகம் வாங்கினார். கொல்லர்கள் கத்தியை முக்குவதும் அதில்தான். உண்மையான டமாஸ்கஸாக இருந்தால், மேலே உள்ள கோலத்தைத் தேய்த்து அழித்தாலும் அதில் முக்கியதும் திரும்ப வரும். காலை ஒன்பது மணிக்குப் பின்வாசல் கல்லில் உட்கார்ந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வாசலில் போட்ட கோலம் மழையில் கரைவது போல மழைத்துளிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கத்தியைக் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி வைத்திருந்த கரைசலில் இறக்கினார். பத்து நிமிஷம் காத்திருந்தார். எடுத்தபோது அது பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி ஒரே சாம்பலாக இருந்தது. ஒரு கோடு இல்லை. இன்னும் பத்து நிமிஷம் வைத்தார். அப்போதும் இல்லை.

மற்ற பத்தையும் எடுத்து முதுகுகளைப் பார்த்தார். பத்திலும் கோடு ஓடியது. அதில் அவருக்கு ஆறுதல் எதுவும் ஏற்படவில்லை.

சாம்பல் கத்தியைப் படம் எடுத்து, நடந்ததை நாலு வரியில் எழுதிக் குரூப்பில் போட்டார். இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒருவர், இதை அழித்துவிடுங்கள் ப்ரோ, குரூப்புக்குக் கெட்ட பெயர் என்று எழுதினார். அழகான கத்தி என்று சொன்ன கோயம்புத்தூர்க்காரர் தன்னுடைய புதுக் கத்தி ஒன்றின் படத்தைப் போட்டார். எல்லோரும் அதைப் பாராட்டப் போய்விட்டார்கள். கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐயாதுரை தன் முகப்புப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டார்.

பிறகு தனுஷ்கோடிக்குப் போன் போட்டார். மூன்று வாரம் ஏன் பதில் இல்லை என்று அவர் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கோலம் பொய்யின்னா எஃகும் பொய்யா? தீட்டிப் பாருங்க அண்ணாச்சி. இனிமே அதுல கெடுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

தீட்டுவது ஐயாதுரைக்குக் கைவந்த வேலை. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் தீட்டினார். பக்கத்து மளிகைக் கடையில் வெங்காயமும் தக்காளியும் வாங்கி வந்தார். அடுக்களை மூலையில் பாண்டிசெல்வியின் அரிவாள்மனை சாய்ந்து கிடந்தது. அவருக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்து அதில் அரிய முடியாது. மேடையில் ஒரு பலகையைப் போட்டு, நின்றுகொண்டு வெட்டினார். இரண்டாவது வெங்காயத்தில் இடது சுட்டுவிரல் மாட்டிக்கொண்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் வெட்டினார். அன்றைக்கு வைத்த தொக்கில் உப்பு கூடிவிட்டது. சாப்பிட்டார்.

வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் என்று சமையல் நடக்க ஆரம்பித்தது. ஆவி பட்டால் கத்திகள் கெடுமே என்று மற்ற பத்தையும் அலமாரியோடு முன்னறைக்கு மாற்றினார். தனியாக இழுக்க முடியவில்லை. மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொன்னார். இரண்டு வருஷமாக மேலே இருக்கிற அவர் பெயர் பால்சாமி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு ஓசூர் போனார். போகும்போது அலமாரியில் இருப்பதிலேயே நல்ல கத்தியை எடுத்துக்கொண்டார். ஏணிப் படிகள் போலக் கோடு ஓடுகிற நடுத்தரக் கத்தி. அதை வெட்டுவதற்குப் பக்குவமாகத் தீட்டி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதைத் தீட்டியதும் சேகரிக்கிறவர்கள் கணக்கில் அது செத்த கத்திதான். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாண்டிசெல்வி அதை வைத்து வெட்டுவதை மனசில் பலமுறை பார்த்துவிட்டார்.

மகள் வீட்டு அடுக்களையில், ஒரு தாங்கியில் கலர் கலராகக் கைப்பிடி போட்ட கத்திகள் வரிசையாகச் செருகியிருந்தன. மகாலட்சுமி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குழந்தை இருக்கிற வீட்டில் இவ்வளவு கூரான சாமான் எதற்கு அப்பா என்றாள். அவள் சொன்னதும் தப்பில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியில் குக்கர் பெட்டிக்குப் பின்னால் அதை வைத்துவிட்டாள். பாண்டிசெல்வி கோடுகளை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்ததோடு சரி. அழகா இருக்கு என்றாள். பால் பொங்கி வழிகிறது என்று அடுப்புப் பக்கம் போனாள்.

மூன்று நாள் இருந்தார். பேத்தியோடு உட்கார்ந்து பொம்மைப் படம் பார்த்தார். பேத்தி அவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் யாராவது நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பாண்டிசெல்விக்கு விடிந்தால் அடைந்தால் வேலை. கடைசி நாள் பால்கனியில் துணி காயப்போடும்போது மட்டும் செத்த நேரம் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள்.

"நாளைக்கே போயிருவியளா?" என்றாள்.

"லீவு இல்ல செல்வி."

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அவர் கிளிப் எடுத்துக் கொடுத்தார். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் குழந்தை கூப்பிட்டுவிட்டது.

மாசி மாதத்தில் ஒருநாள், மில்லில் உருளை ஓடிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி பதினொன்று. பாண்டிசெல்வி அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து எடுத்தார்.

"ஒண்ணும் இல்ல, பதறாதிய," என்றாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாதபோதும் மெதுவாகத்தான் பேசினாள். "அந்தக் கத்தி இருக்குல்லா. அவிய ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் ஸ்டூலப் போட்டு எடுத்துருவேன். காய் எல்லாம் அதுலதான். வெட்டிட்டு, தொடச்சு, வச்ச எடத்துலயே வச்சிருவேன்."

ஐயாதுரை மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு எலுமிச்சம்பழம் அரிஞ்சேன். பாப்பா அழுதான்னு அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா நீலமும் கருப்புமா ஆகிக் கெடக்கு. நான் கெடுத்துட்டனா?"

"கெடல செல்வி. வெட்டுனா அது அப்படித்தான் ஆகும். கழுவித் தொடச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையி."

"அம்புட்டுப் பளபளன்னு இருந்துச்சே."

"இருக்கட்டும். நீ வெட்டு."

ஸ்டூலில் ஏறும்போது பார்த்து ஏறு என்றார். கத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டார். சேனைக்கிழங்கைக்கூடப் பூ மாதிரி வெட்டுகிறது, கை வலிக்கவே இல்லை என்றாள். கேரட்டு, கொத்தவரங்காய், பலாக்கொட்டை என்று அவள் வெட்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை ஒரு மாசத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தாளே என்று தோன்றியது. கேட்கவில்லை. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். இன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வையுங்கள் என்று சொல்லி, எது முதலில் எது பிறகு என்று விவரமாகச் சொன்னாள். சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து கையசைத்தார். வைத்துவிட்டார்.

அவர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓசூரா, இங்கேயா என்று அவரும் கேட்கவில்லை, மகள் வீட்டிலும் சொல்லவில்லை. குரூப்பில் இன்னமும் இருக்கிறார், எதுவும் எழுதுவதில்லை. தனுஷ்கோடிக்குக் கல்யாணச் சமையல் கிடைத்தால், சாம்பல் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு காய் வெட்டப் போவதுண்டு. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் இருக்கிற ஒன்பதையும் துடைக்கிறார்.

பாண்டிசெல்வி கூப்பிட்ட அன்றைக்குச் சாயங்காலம் மார்க்கெட்டில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கி வந்து வெட்டினார். வதக்கிவிட்டுப் புளியைக் கரைக்கும்போது, வெந்தயம் எப்போது போடச் சொன்னாள் என்பது மறந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தார். மணி ஆறரை. மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்திருப்பார்கள், குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுகிற நேரம். போனை மேடையில் வைத்துவிட்டு, வெந்தயம் இல்லாமலே குழம்பைக் கொதிக்கவிட்டார்.